பவழமல்லி சுருங்கிய காலம்

பவழமல்லி என்ற கப்பல் சுருங்க ஆரம்பித்தது எந்தப் பயணத்தில் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். சமையற்கட்டில் இருந்தவர்கள், நேற்றுவரை தாராளமாகத் திரும்பிய இடத்தில் தோசைக்கல் இடுப்பில் இடித்த அன்றுதான் என்பார்கள். அறைகளைப் பெருக்கித் துடைத்தவர்கள், ஜன்னல் திரைகளெல்லாம் திடீரென்று தரையில் புரள ஆரம்பித்த அன்று என்பார்கள். வரவேற்புக் கூடத்தில் இருக்கும் ஜெசிந்தாவைக் கேட்டால், ஒரு பங்குனி மாதத்து மாலையில், தன் மேஜைக்கும் ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலிக்கும் நடுவே கிடந்த மூன்று கம்பளங்களில் ஒன்று போன இடம் தெரியாமல் போனதே, அன்றைக்குத்தான் என்பாள். யாரும் பெரிதாகத் திடுக்கிட்டுவிடவில்லை. வயதான கப்பல், அவ்வளவு வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்த உடம்பு, கொஞ்சம் சுருங்கத்தானே செய்யும்.

"எங்கப்பா கடைசிக் காலத்துல ஒரு சாண் குறைஞ்சு போயிட்டாரு, சட்டையெல்லாம் முட்டி வரைக்கும் தொங்கும்" என்றார் கேப்டன் மாசிலாமணி. "மனுஷனுக்கு ஆகறது கப்பலுக்கு ஆகக்கூடாதா?"

சென்னையில் கிளம்பி, திருகோணமலையில் ஒரு நாள் நின்று, கொழும்பைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற உல்லாசக் கப்பல் அது. ஒரு காலத்தில் அதற்கு இணை கிடையாது. நீச்சல்குளம் உண்டு, நடனமாட மரத்தளம் உண்டு, காலையில் இட்லிக்கும் ஆப்பத்துக்கும் தனித்தனி வரிசை உண்டு. புதுசு புதுசாக ஆட்களைப் பிடிப்பதைவிட ஒரு தடவை வந்தவரை மறு தடவை வரவைப்பதுதான் இந்தத் தொழிலில் சாமர்த்தியம் என்பதால், அதற்கென்றே கம்பெனி ஓர் ஆளைப் போட்டிருந்தது. அந்த ஆள்தான் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி, ஐம்பதை நெருங்கியவள், கல்யாணம் கூடி வந்த நேரத்திலெல்லாம் கடலில் இருந்தவள். பழைய பயணிகளின் பெயர், அவர்களுக்குப் பிடித்த தலையணை, காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா வேண்டாமா எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சில தடவை வந்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளச் சிப்பி பேட்ஜ், இன்னும் பல தடவை வந்தவர்களுக்கு முத்து, விடாமல் வந்துகொண்டே இருப்பவர்களுக்குப் பவழம். பயணம் முடியும் காலையில் கரை தெரிகிறபோதே, இறங்குவதற்கு முன்னால், அடுத்த பயணத்துக்கு அவளிடம் இடம் பிடித்துவிட்டால் சலுகையும் உண்டு.

பவழ பேட்ஜ்காரர்களில் ஒருவர் நாச்சிமுத்து. உடுமலைப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். மனைவி போய் வெகுகாலமாகிவிட்டது. தீவனக் கம்பெனி கொடுத்த பரிசுச் சீட்டில் முதல் தடவை வந்தவர், அதற்குப் பிறகு சொந்தச் செலவில் வந்துகொண்டே இருந்தார். எதற்கு இப்படி ஓயாமல் கப்பல் ஏறுகிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் கடலைப் பார்க்க என்பார். பார்த்தாரா என்றால், அதுதான் இல்லை. தினமும் மாலை டீ நேரத்தில் வரவேற்புக் கூடத்துக்கு வந்து, ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அத்தனை பெரிய வங்காள விரிகுடாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜெசிந்தாவின் மேஜையைப் பார்த்து உட்காருவார். அவளும் அந்த நேரம் மட்டும் மேஜைக்கு வருகிறவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுவாள். அவர்கள் பேசிக்கொண்டது என்னவோ கொஞ்சம்தான். கூடம் அகலம். சத்தம் போட்டால்தான் கேட்கும், சத்தம் போட்டுச் சொல்கிற விஷயமா அது? அவர் டீ கிளாஸை லேசாக உயர்த்துவார், இவள் தலையை அசைப்பாள், அதோடு சரி. கடைசி நாள் காலையில் மேஜைக்கு வருவார்.

"குறை ஏதாவது இருந்தாச் சொல்லுங்க சார்" என்பாள் அவள். அது அவள் கேட்டாக வேண்டிய கேள்வி.

"ஒரு குறையுமில்லீங்க மேடம். அடுத்த தடவைக்கும் போட்டுருங்க" என்பார் அவர்.

கரையில் அவர்கள் சந்தித்ததே கிடையாது. இறங்கியதும் அவர் கோயம்புத்தூர் ரயிலுக்குப் போய்விடுவார், அவள் துறைமுக வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் போடுவாள். நிலத்தின் மேல் நின்றால் இந்த மனிதர் எவ்வளவு உயரம் இருப்பார், தான் எப்படிச் சிரிப்போம் என்றெல்லாம் அவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். பாதியிலேயே விட்டுவிடுவாள்.

கப்பல் சுருங்கிய கதைக்கு வருவோம். முதலில் நீளம் போனது. நாலாம் தளத்து நடைவழியில் வரிசையாகச் சில அறைகள் காணாமல் போயின. அந்த அறைகளில் படுத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்து அறைக்காரரோடு ஒரே கட்டிலில் கிடந்தார்கள். இருவருமாகப் போர்வையை மடித்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். பிறகு உயரம் குறைந்தது, நெட்டையானவர்கள் கும்பிட்டபடி நடந்தார்கள். நீச்சல்குளம் தொட்டியாகி, தொட்டி அண்டாவாகி, கடைசியில் கால் கழுவ மட்டும் உதவியது. கப்பல்களைச் சோதிக்கிற அதிகாரி டேப்போடு வந்து அளந்து பார்த்து, வயதுக்கு ஏற்ற சுருக்கம்தான், ஓடலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நீளத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குகிற துறைமுகத்துக்காரர்கள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

கம்பெனி சும்மா இருக்குமா? "இனி இன்னும் நெருக்கமான பயணம்" என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியது. ஒட்டியதில் பொய்யும் இல்லை. கும்பகோணத்துப் பாத்திரக்கடை முதலாளி ஒருவரும் திருவல்லிக்கேணிப் பல் டாக்டர் ஒருவரும், பவழக்காரருக்கு முதல் பந்தியா முத்துக்காரருக்கா என்று வருஷக்கணக்காக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள். பந்தியே ஒன்றாகிப் போன பிறகு ஒரே தட்டில் ஆப்பத்தைப் பிய்த்துச் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் முதுகில் தைலம் தேய்த்துவிடும் அளவுக்கு ஆகிவிட்டார்கள். பேட்ஜ் குத்துகிற விழாவில் கேப்டன் கையை நீட்டினால் நாலு பேர் சட்டையில் ஒரே நேரத்தில் குத்தியது. ஊர் திரும்பினாலும் வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது, பேசினால் எதிரொலிக்கிறது என்று புலம்பிக்கொண்டு, அடுத்த பயணம் எப்போது என்று ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்கள்.

எல்லாரையும்விட அந்தச் சுருக்கத்தைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தது அவள்தான். மூன்று கம்பளம் இரண்டானது. இரண்டு ஒன்றானது. பிரம்பு நாற்காலி நகரவில்லை, மேஜை நகரவில்லை, நடுவில் இருந்த தரைதான் மாலைக்கு மாலை தேய்ந்துகொண்டு வந்தது. ஒரு பயணத்தில் அவர் இருமினால் அவளுக்குக் கேட்டது. அடுத்ததில் அவர் பெருமூச்சு விட்டதும் கேட்டது. அதற்கடுத்ததில் அவர் தலைக்குத் தேய்த்திருந்த விளக்கெண்ணெய் வாசம் வந்தது. வேறு யார் தலையில் வந்திருந்தாலும் அவள் மூக்கைச் சுளித்திருப்பாள்.

"ஏனுங்க மேடம், போன தடவைக்கு இந்தத் தடவை இன்னும் கிட்ட வந்துட்டமுங்க" என்றார் நாச்சிமுத்து ஒருநாள். சத்தம் போடாமல் சொன்னார், அதுவே பெரிய விஷயம்.

"கப்பல் வந்துட்டு சார். நாம இருந்த இடத்துலதானே இருக்கோம்" என்றாள் அவள்.

"அதுவுஞ் செரிதானுங்க" என்று சிரித்தார். சிரிக்கும்போது அவருடைய இடது கன்னத்தில் மட்டும் குழி விழும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் அந்தக் குழியைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று அன்று முழுக்க அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. இனி அடுத்த பயணம், அதற்கடுத்த பயணம், இந்தத் தரை முழுக்கத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகிற நாள் ஒன்று வரும், அன்றைக்கு அவர் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது என்று அவள் மனம் கணக்குப் போட்டது. அந்த நாளுக்காக ஏங்கினாள். அந்த நாள் வராமலே இருந்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

இதற்குள் புதுக்கப்பல் வந்துவிட்டது. சாகர சாம்ராட் என்று பெயர். சென்னைத் துறைமுகத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று பின்னால் இருந்த கட்டடங்கள் ஒன்றும் தெரியவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வினீத் என்ற இளைஞன் பவழமல்லிக்கு வந்தான். வாசலில் ஒரு தடவையும் கூடத்தில் ஒரு தடவையும் தலையில் இடித்துக்கொண்டு, கடைசியில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"மேடம், கப்பல் போனாப் போகட்டும், கஸ்டமர் போகக்கூடாது. பழைய ஆளுங்க எல்லாரும் அந்தக் கப்பலுக்கு வரணும். முதல் தடவை ஏறினா பெரிய ரூமா போட்டுக் குடுங்க, இலவச அப்கிரேட். ஒருத்தர் விடாம கூட்டிட்டு வந்தீங்கன்னா உங்களுக்கும் அங்க இடம் உறுதி."

அவளும் கூட்டிக்கொண்டுதான் போனாள். அது அவள் தொழில், அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பால்கனி வைத்த அறை என்றபோது பாத்திரக்கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு டாக்டருக்கும் பக்கத்திலேயே அறை என்றதும் சம்மதித்தார். டாக்டரும் அப்படியே. ஒவ்வொருவராகப் பெரிய கப்பலுக்கு மாறிப் போனார்கள், போகும்போது பவழமல்லியின் சுவரைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சமையல்காரர்கள் போனார்கள், துடைப்பவர்கள் போனார்கள். கப்பலும் ஆளுக்குத் தகுந்தாற்போல இன்னும் சுருங்கி, ஒரு கல்யாண மண்டபம் அளவாகி, ஒரு பஸ் அளவாகிவிட்டது. நாச்சிமுத்துவிடம் மட்டும் அவள் பேச்சே எடுக்கவில்லை. அவரும் யார் போனார் யார் வந்தார் என்று கேட்கவில்லை. கடைசி நாள் காலையில் "அடுத்த தடவைக்கும் போட்டுருங்க" என்பார், அவள் போடுவாள்.

அப்படி ஒரு பயணத்தில் திருகோணமலையை விட்டுக் கிளம்பிய மாலை, டீயோடு வந்து உட்கார்ந்தவருக்கு முட்டியை வைக்க இடமில்லை. மேஜைக்கு அடியில் நீட்டினார். அங்கே ஏற்கெனவே ஜெசிந்தாவின் முட்டி இருந்தது. இருவரும் நகர்த்தவில்லை, நகர்த்தவும் இடமில்லை. வெளியே வெயில் தண்ணீரில் சாய்ந்துகொண்டிருந்தது. கேப்டன் மாசிலாமணி கைக்கெட்டும் தூரத்தில் சுக்கானைப் பிடித்தபடி, தனக்கு ஒன்றும் கேட்காது என்பதைக் காட்டிக்கொள்ள விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து கிளாஸைக் கீழே வைத்தார். "ஏனுங்க மேடம்," என்றார், "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க. ரொம்ப நாளா…"

அவ்வளவுதான். எந்த வார்த்தைக்காக ஜெசிந்தா இத்தனை வருஷம் காத்துக் கிடந்தாளோ அது இதோ வந்து நிற்கிறது, நின்றதும் பயந்துவிட்டாள். பயந்த மனுஷிக்கு வாயில் எது பழகியிருக்கிறதோ அதுதான் வரும். பவழ பேட்ஜ்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து தயங்கினால் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் வாய்க்கு வருஷக்கணக்கில் பழகியிருந்தது.

"சார், உங்களுக்கு அப்கிரேட் போட்டிருக்கேன்" என்றாள்.

விசில் நின்றுவிட்டது.

"புதுக்கப்பல்ல, பால்கனி ரூம். முட்டி வலிக்காம காலை நீட்டிப் படுக்கலாம். அடுத்த பயணமே ஏறிக்கிடலாம்." சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை, பழக்கூடை உண்டு, முதல் ஆளாக இறங்கலாம் என்று ஒப்பித்துக்கொண்டே போனது.

நாச்சிமுத்து கிளாஸை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஒரு நாளும் ஒரு குறை சொல்லாதவர். இந்த அம்மா நாசூக்காக நம்மை எழுந்து போகச் சொல்கிறது என்று அவருக்குத் தோன்றியது, வேறு எப்படித் தோன்றும்?

"அப்படிங்களா" என்றார். "சந்தோசமுங்க."

முட்டியை மெல்ல எடுத்துக்கொண்டார். எங்கே எடுத்துக்கொண்டாரோ, அத்தனை சின்ன இடத்தில்.

அதற்கடுத்தது பவழமல்லியின் கடைசிப் பயணம். கப்பலில் சுக்கானும் கேப்டனும், ஒரு மேஜையும் ஜெசிந்தாவும், திருப்பிப் போட்ட ஒரு பிரம்பு நாற்காலியும்தான் இருந்தார்கள். கப்பல் அவளை ஏமாற்றவில்லை, சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதுபோல இன்னும் சுருங்கிக் கொடுத்தது, மேஜை விளிம்பும் நாற்காலியின் கையும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. உட்காரத்தான் ஆளில்லை. மாலை டீயை அவள் இரண்டு கிளாஸில் ஊற்றிவிட்டு, ஒன்றைக் கேப்டனிடம் நீட்டினாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றார் அவர். அதுவரை அடக்கி வைத்திருந்தார்.

"பயமா இருந்துச்சு கேப்டன். ஆமான்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் கரையில எறங்கணும்லா? கரையில எனக்கு என்ன தெரியும்? பயணிக்குத் தலைகாணி மாத்தத் தெரியும். அவரு வேண்டாம்னு சொல்வாருன்னு நெனச்சேன். ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?"

"நீ குடுத்ததை அந்தாளு என்னைக்கு வேணாம்னு சொன்னாரு?"

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். அந்தச் சின்னக் கப்பல் அவள் விம்மலுக்கு ஏற்ற மாதிரி ஆடியது.

சென்னைக்கு வந்து சேர்ந்தபோது அதைக் கட்ட ஒரு மெல்லிய கயிறு போதுமாக இருந்தது. மறுநாள் காலையில் கயிறு மட்டும்தான் இருந்தது. துறைமுகத்துத் தொழிலாளர்கள் வந்து பார்த்து, நல்ல சாவு, யாருக்கும் பாரமில்லாமல் போய்விட்டது என்று சொல்லி, கரையில் ஒரு தேங்காய் உடைத்தார்கள். பழைய இரும்பு வாங்க லாரியோடு வந்திருந்த சேட்டு கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார், டீ ஒன்று குடித்துவிட்டுத் திரும்பினார்.

சாகர சாம்ராட்டில் ஜெசிந்தாவுக்கு இடம் கிடைத்தது. வரவேற்புக் கூடத்தில் வரிசையாக இருந்த கவுண்டர்களில் கோடியில் இருந்தது அவளுடையது. அந்தக் கூடத்தை எப்படிச் சொல்வது? இந்தக் கோடியில் நிற்பவருக்கு அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. நடுவில் செயற்கை அருவி ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. பயணிகள் வாசலில் இயந்திரத்தை அழுத்தி டோக்கன் எடுக்க வேண்டும், எண்ணும் கவுண்டரும் பலகையில் விழும், விழுந்த கவுண்டருக்குத்தான் போக வேண்டும். புதுக்கப்பல், இது சுருங்க ஆரம்பிப்பதற்குள் எத்தனையோ பேருக்கு ஆயுள் முடிந்துவிடும்.

முதல் நாள் மாலை, டீ நேரத்தில், அருவிக்கு அந்தப் பக்கம் நீளமான சோபா ஒன்றில் தனியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. ஆனால் கூடத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடிச் சுவர் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவுக்கு வேலை ஓடவில்லை. பலகையில் ஒரு எண் விழுந்தது, வேறொரு கவுண்டர். அவர் எழுந்து போய்ப் பலகையைப் பார்த்தார், கவுண்டருக்குப் போகாமல் இயந்திரத்துக்குப் போய் இன்னொரு டோக்கன் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி அவர் எண் விழுந்தது, மறுபடி வேறு கவுண்டர். மறுபடி எழுந்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்துக்குப் போனார். எடுத்துக்கொண்டே இருந்தார். கிழித்துப் போடவும் மனமில்லாமல் பழைய டோக்கன்களைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். தன் டோக்கனுக்கு அந்தக் கோடிக் கவுண்டர் விழுகிறவரை அந்த மனிதர் விடமாட்டார், விழாமலே பயணம் முடிந்தால் அடுத்த தடவைக்கும் போட்டுக்கொண்டு வந்து இதே வேலையைச் செய்வார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் எழுந்தாள்.

"மேடம், கவுண்டரை விட்டு வரக்கூடாது" என்று எங்கிருந்தோ வினீத்தின் குரல் வந்தது. அவள் காதில் வாங்கவில்லை. பயணி உட்கார்ந்திருக்க, வேலை நேரத்தில் மேஜையை விட்டு அவள் எழுந்ததே இல்லை. பவழமல்லியில் அதற்கு அவசியமும் வரவில்லை, கப்பல்தான் அவளுக்காகவும் அவருக்காகவும் நடந்து கொடுத்துக்கொண்டிருந்தது. இங்கே அந்தத் தூரம் முழுக்க அவள் காலால்தான் கடக்க வேண்டியிருந்தது. கூடம் முடிகிற மாதிரித் தெரியவில்லை. பெட்டி தள்ளுகிறவர்களைத் தாண்டி, செல்பி எடுக்கிறவர்களைத் தாண்டி, பால்கனி அறையில் தூக்கம் வரவில்லை என்று பேசிக்கொண்டிருந்த பாத்திரக்கடைக்காரரையும் டாக்டரையும் தாண்டி, அருவியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, பயம் அங்கேயும் கூடவே வந்திருந்தது. அந்தப் பயத்தோடேயே நடந்தாள்.

நாச்சிமுத்து அவளைப் பார்த்துவிட்டு அவசரமாக எழப்போனார். "என்னங்க மேடம், கவுண்டரை விட்டுப்போட்டு…"

"எந்திரிக்காதீங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அன்னைக்கு ஏதோ கேக்கணும்னீங்க. நான் கேக்க விடல. இப்பக் கேளுங்க."

அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த டோக்கன்களைக் கையால் பொத்திக்கொண்டார். "கேட்டா மறுக்காவும் அப்கிரேட் போட்டுருவீங்களேன்னு பயமா இருக்குதுங்க" என்றார்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"போட மாட்டேன்" என்றாள். சார் என்று சேர்க்கவில்லை. "தள்ளி உக்காருங்க."

பத்துப் பேர் தாராளமாக உட்காரக்கூடிய சோபா அது, அவர் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் தள்ளினார், ஓர் ஆள் நெருக்கி உட்காருகிற அளவுக்கு மட்டும்.